வேலிக்கு அந்தப் பக்கத்து மூக்கு

காலை ஏழு மணிக்கு கிளெனிஸ் டக்வெல் ஒரு பிஸ்கட் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வேலியருகே வந்து நிற்கிறார். டப்பாவின் மூடி இரவு முழுவதும் இறுகச் சாத்தியிருந்தது. உள்ளே ஒரு கறுப்புக் கார் இருக்கிறது. ஒரு சாண் நீளம்கூட வராது. வேலிக்கு அந்தப் பக்கம் டீனோ மார்க்கொலின் காப்பிக் கோப்பையைக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொள்கிறார். மூடி இரண்டு விரல் அகலம் திறக்கிறது. டீனோ குனிந்து, ஒரே ஒரு மூச்சு இழுக்கிறார்.

"இல்ல."

"எவ்வளவு இல்ல?"

"நேத்து எவ்வளவோ அவ்வளவு."

"நேத்தும் இதையேதான்யா சொன்ன."

"நேத்தும் காயல, சொன்னேன். காஞ்சிடுச்சுன்னு பொய் சொல்லணுமா?"

மூடி சாத்தப்படுகிறது. கிளெனிஸ் டப்பாவை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுப் பள்ளிக்கூட பஸ்ஸை எடுக்கக் கிளம்புகிறார். எதிர்வீட்டில் இருக்கும் நான் இதை வைத்துத்தான் கடிகாரத்தைச் சரிபார்ப்பது.

கிளெனிஸுக்கு வயது அறுபத்தொன்று. எங்கள் ஊரான இன்னிஸ்ஃபெயிலில் இருபத்தாறு வருடமாக அதே தடத்தில் பஸ் ஓட்டுகிறார். பிள்ளைகளை இறக்கிவிட்ட ஒன்பதரைக்கும் அவர்களை ஏற்றப்போகும் இரண்டரைக்கும் நடுவில் உள்ள ஐந்து மணி நேரம் அவருடையது. அந்த நேரத்தில் பின்கட்டுக் கொட்டகையில் சின்னக் கார்கள் செய்கிறார். நிஜக் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் பாகங்கள் பெட்டியில் வருகின்றன. ஒட்டுவது யாராலும் முடியும் என்பார். என்ஜின், சக்கரம், எந்த வருடத்து மாடல் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். மேலே பூசும் வண்ணம் கண்ணாடிபோல் வழவழவென்று உட்காருகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. அவர் ஓட்டும் சொந்தக் காரின் கூரையில் வண்ணம் உரிந்து செதில் செதிலாக நிற்கிறது. கேட்டால், "அது வண்டிதானே? அதுக்கு எதுக்கு பெயின்ட்?" என்கிறார்.

வண்ணம் அடிக்கும் நாளில் நீச்சல் உடை போட்டுக்கொள்கிறார். பருத்தித் துணியிலிருந்து நூல்தூசி பறந்து ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். தலைக்கு நீச்சல் தொப்பி, முகத்துக்கு இரண்டு வடிகட்டி வைத்த முகமூடி. அந்தக் கோலத்தில் அவர் கொல்லைப்புறத்தைக் கடக்கும்போது டீனோ வேலியோரம் இருந்தால் சும்மா விடுவதில்லை.

"எந்தக் கடலுக்கும்மா கிளம்பிட்ட?"

"உன் வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு. மூடி வை."

ஸ்ப்ரே டப்பாவைக் கால் மணி நேரம் வெந்நீரில் நிற்க வைக்கிறார். சூடு ஏறினால் வண்ணம் பொடித் தூறலாக வரும். குளிர்ந்த டப்பா துப்பும், துப்பினால் ஆரஞ்சுத் தோல்போல் குழிகுழியாகக் காயும். பிறகு ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணியபடி நூறு குலுக்கு. காரை ஒரு குச்சியின் நுனியில் குத்தி இடது கையில் பிடித்துக்கொள்கிறார். கார் தொடங்குவதற்கு நாலு விரல் முன்பே பொத்தானை அழுத்துவார், கார் முடிந்து நாலு விரல் தாண்டித்தான் விடுவார். காரின் மேல் ஒருபோதும் தொடங்குவதில்லை, நிறுத்துவதுமில்லை. முதல் பூச்சு பனிபோல, கீழே உள்ளது தெரிய வேண்டும். கடைசிப் பூச்சு மட்டும் ஈரமாக, வழிந்துவிடுமோ என்று நமக்குப் பயம் வருகிற அளவுக்கு. பஸ்ஸிலும் அவர் இப்படித்தான் பிரேக் போடுகிறார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். நின்றதே தெரியாதாம்.

அடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருக்கு எமன் காய்வதுதான். சீக்கிரம் காயும் லேக்கர் வண்ணம் இந்த ஊர் ஈரக் காற்றில் பால் பூத்ததுபோல் வெளுத்துவிடுகிறது. ஆகவே மெதுவாகக் காயும் எனாமல் அடிக்கிறார். கறுப்பு எனாமல் முழுக்கக் காய்ந்த பிறகு மேலே நிறமற்ற கிளியர், அது கெட்டியான பிறகு பாலிஷ். கறுப்பு காய்வதற்குள் கிளியர் அடித்தால் இரண்டும் சேர்ந்து சுருண்டு, பால் ஆடைபோல மடிப்பு மடிப்பாக எழும்பிவிடும். பிறகு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஏழு நாள் போதும் என்று டப்பாவில் அச்சடித்திருக்கிறது. "அதை எழுதினவன் இங்க வந்து ஒரு துண்டு காயப் போட்டுப் பாக்கட்டும்" என்கிறார் கிளெனிஸ்.

காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தவறு. கிளெனிஸின் அலமாரியில் ஒரு சிவப்புக் கார் இருக்கிறது. அதன் கூரையில் அவருடைய கட்டைவிரல் ரேகை அத்தனை கோடும் தெளிவாகப் பதிந்திருக்கிறது. "நான் ஏதாவது திருடினா போலீஸுக்கு இது ஒண்ணு போதும்." தொடாமல் கண்டுபிடிக்க ஒரே வழி முகர்வது. மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்துத் திறக்கும்போது வண்ண வாடை வந்தால் காயவில்லை. எதுவும் வராவிட்டால் காய்ந்துவிட்டது.

கிளெனிஸுக்கு எப்போதும் எதுவும் வராது. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் பஸ் படியில் சறுக்கிப் பின்மண்டை அடிபட்டது. மூன்று நாளில் வீடு திரும்பினார். வாசனை திரும்பவில்லை. அதிலிருந்து அந்த வீட்டுக்கு மூக்கு டீனோதான். "கிளெனிஸ்! டோஸ்ட் கருகுது!" என்ற குரல் வாரத்துக்கு இரண்டு முறையாவது தெருவுக்குக் கேட்கும். ஒருமுறை எரிவாயு கசிந்ததை அவர்தான் வேலி தாண்டிக் குதித்து வந்து மூடினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. வேலியின் உயரம் அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்ததாம்.

டீனோவின் சொந்தக் கவலை சலாமி. இங்கே குளிர்காலமான ஜூலையில் உறவுக்காரர்கள் கூடிப் பன்றிக் கறியை மிளகும் பூண்டும் போட்டுக் குடலில் அடைக்கிறார்கள். உயரமான மரக்கால்கள் மேல் நிற்கும் அவர் வீட்டின் அடியில், காற்று ஓடுகிற இடத்தில், உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆறு வாரம் தொங்க வேண்டும். ஈரமில்லாத குளிர்ந்த காற்று வேண்டும். அந்தக் காற்று இந்த ஊருக்கு வருடத்தில் எந்த வாரங்களில் வருகிறதோ, அதே வாரங்களில்தான் கிளெனிஸாலும் வண்ணம் அடிக்க முடியும். தென்கிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று கிளெனிஸின் கொட்டகையைத் தாண்டித்தான் டீனோ வீட்டின் அடிக்குப் போகிறது. மூன்று வருடத்துக்கு முன் டீனோவின் தம்பி மகள் கல்யாணத்தில் வெட்டிவைத்த சலாமியைத் தின்ற மாப்பிள்ளை வீட்டார், பெயின்ட் கடையை நக்கினதுபோல் இருக்கிறது என்றார்கள். இரண்டு வீடும் எட்டு மாதம் பேசவில்லை. அந்த எட்டு மாதமும் டோஸ்ட் கருகினால் டீனோ கல்லெடுத்து கிளெனிஸின் தகரக் கூரையில் போடுவார். பேசினதாகக் கணக்கில் வராது.

பிறகு எப்படியோ ஓர் ஏற்பாடு வந்தது. கிளெனிஸின் காரை டீனோ முகர்ந்து சொல்வார். டீனோ சொல்லாமல் கிளெனிஸ் அடுத்த பூச்சு அடிக்க மாட்டார். சலாமியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

இந்த வருடம் கிளெனிஸ் கறுப்பை எடுத்தார். டவுன்ஸ்வில் சின்னக் கார்க் கண்காட்சியில் நாலு வருடமாக அவர் இரண்டாவது; மெர்வ் ஹாலிடே முதலாவது. மெர்வ் வெள்ளி நிறம் அடிப்பவர். வெள்ளியில் தூசி ஒளிந்துகொள்ளும். "கறுப்புல ஒரு மயிரிழை விழுந்தாலும் ஊருக்கே தெரியும். அதுல ஒண்ணும் இல்லாம பண்ணிட்டேன்னா அந்த ஆளு என்ன சொல்லுவான்?" நடுவர் பேனா அளவு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். கறுப்பில் அந்த விளக்கு ஒரே புள்ளியாகத் தெரிய வேண்டும். கிளெனிஸ் அடித்த கறுப்பில் தெரிந்தது. நானே பார்த்தேன். டீனோ சலாமி கட்டுவதற்கு நாலு நாள் முன் அடித்தது அது.

கிளியர் அடிக்கக் கடைசி நாள் ஞாயிறு. அதைத் தாண்டினால் அது கெட்டிப்பட்டு, பாலிஷ் போட்டு, கண்காட்சிக்கு எடுத்துப்போக நாள் போதாது. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, புதனும் இல்லை. புதன் மதியம் மெர்வ் வந்தார். போட்டிக்காரர்தான், ஆனால் வருவார். ஆளுக்கொரு கறி அடைத்த பஃப் வாங்கி வந்திருந்தார். டப்பாவைத் திறந்து தானே முகர்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் வரல. காஞ்சு போச்சு."

"நீ நாப்பது வருஷமா சிகரெட் பிடிக்கிற ஆளு."

"சரி, என் மூக்கு மட்டம். அவன் வீட்டுக்குக் கீழ என்ன தொங்குதுன்னு பாத்தியா? நாப்பத்திரண்டு. நான் எண்ணினேன். நீ கிளியர் அடிச்சா அதோட கதி என்ன? அவன் கிறிஸ்மஸ் வரைக்கும் 'இல்ல'ன்னுதாம்மா சொல்லுவான்."

"டீனோ அப்படிப்பட்ட ஆளு இல்ல."

"நான் கெட்டவன்னா சொன்னேன்? சலாமி வெச்சிருக்கான்னு சொன்னேன்."

கிளெனிஸ் பஃப்பின் ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு மீதியை வைத்துவிட்டார்.

எந்தக் காருக்கு வண்ணம் அடித்தாலும் கூடவே ஒரு பிளாஸ்டிக் கரண்டிக்கும் அதே பூச்சை அடித்து வைப்பது அவர் வழக்கம். சோதித்துப் பார்க்க அந்த ஒன்றுதான். ஒருமுறை சோதித்தால் தீர்ந்தது. வியாழன் பத்து மணிக்கு, டீனோ கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் போனார். நீச்சல் உடை இல்லை, பஸ் சீருடையிலேயே. கதவைச் சாத்திக்கொண்டு கரண்டியின் முதுகில் ஒரே ஒரு வீச்சு கிளியர் அடித்தார்.

ஐந்து நிமிடம் பளபளவென்று இருந்தது. பத்தாவது நிமிடம் நடுவில் ஒரு கோடு விழுந்தது. கால் மணிக்குள் கரண்டி முழுவதும் கிழவி கைபோல் சுருங்கிவிட்டது.

டீனோ பதினொன்றரைக்குத் திரும்பினார். காய்கறிப் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, நேரே வேலிக்கு வந்தார். நான் வாசலில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அடிச்சியா?"

"காருக்கு இல்ல."

"கரண்டிக்கா?"

"கரண்டிக்குத்தான்."

"சுருங்குச்சா?"

கிளெனிஸ் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் கேட்டா சொல்லணும்மா. தெனம் காலைல எந்திரிச்சு மூக்கைச் சிந்திட்டு வந்து நிக்கிறவன் நான்."

"சுருங்குச்சு."

"மெர்வா சொன்னான்?"

"மெர்வ் சொன்னான். நான் காது குடுத்துட்டேன்."

டீனோ தலையாட்டினார். காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு வீட்டின் அடிக்குப் போய், தொங்குகிற சலாமி ஒவ்வொன்றையும் முகர்ந்துகொண்டே வந்தார். நாற்பத்திரண்டையும் முகர்ந்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கிளெனிஸ் அது முடியும்வரை வேலியருகேயே நின்றார்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு டப்பா வந்தது. டீனோவும் வந்தார்.

"இல்ல."

எவ்வளவு என்று கிளெனிஸ் கேட்கவில்லை. சனிக்கிழமையும் இல்லை.

ஞாயிறு விடியும்போதே நல்ல வெயில். தென்கிழக்கிலிருந்து காற்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. திங்களிலிருந்து மழை என்று வானொலியில் சொன்னார்கள். கிளெனிஸ் ஏழுக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். மேலே நீள மழைக்கோட்டு, கீழே வெறுங்கால். உள்ளே நீச்சல் உடைதான் என்று தெரிந்தது. கோட்டின் வலது பை புடைத்திருந்தது.

டீனோ குனிந்து மூச்சு இழுத்தார். திரும்பி நின்று முழங்கையின் மடிப்பை ஒருமுறை முகர்ந்து மூக்கைத் தெளிவாக்கிக்கொண்டு மறுபடி குனிந்தார். இந்த முறை டப்பாவின் மூடியை அவரே முழுக்கத் திறந்தார்.

நிமிர்ந்து தன் வீட்டின் அடியைப் பார்த்தார். வரிசையாகத் தொங்கியவை காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"ஆயிடுச்சு," என்றார்.

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்தேன். ஒண்ணுமே இல்ல, வெறும் தகர வாசனைதான். அடிச்சுக்கோ. நல்ல காத்து." மூடியை அவர் கையில் கொடுத்தபடி, "உனக்கு நல்ல காத்து," என்றார்.

கிளெனிஸ் டப்பாவை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"உன்னோடது எப்ப எறக்குவ?"

"ஆகஸ்ட் கடைசில. எதுக்குக் கேக்குற? இன்னைக்கு விட்டா உனக்கு நாளு இல்லையே."

கிளெனிஸ் கோட்டுப் பையில் கையை விட்டார். வெந்நீரிலிருந்து எடுத்து இன்னும் சூடு ஆறாத கிளியர் டப்பாவை வெளியே எடுத்தார். அதில் வழிந்த நீரைக் கோட்டில் துடைத்துவிட்டு, வேலிக்கு மேலாக டீனோவின் கையில் வைத்தார்.

"எறக்கினதும் திருப்பிக் குடு."