மன்னிக்க மறுத்த எப்சிபாம்மா

போன புதன்கிழமை காலை தொலைபேசி நிலைய ஊழியர் ஒருவர் அழைத்தார். "அண்ணாச்சி, எப்சிபாம்மா தவறிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலின்னாவளாம். சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம்." வழக்கம்போல நேரத்தைக் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

கோவில்பட்டித் தொலைபேசி நிலையத்தில் அவர் ஆபரேட்டராக இருந்த காலத்தில், நிருபரான என் செய்திகள் அவர் காது வழியாகத்தான் மதுரைப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போயின. ஒருமுறை லாரி விபத்தில் ஐந்து பேர் பலி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் புகுந்தார். "நாலு பேருதான் அண்ணாச்சி. இப்பத்தான் ஆசுபத்திரிக்கு லைன் போட்டேன். அஞ்சாவது ஆளு காப்பி கேக்காராம். உசுரோட இருக்கவர ஏன் கொல்லுதீங்க?"

அவருடைய கணவர் தேவராஜ், நாகலாபுரத்தை அடுத்த அவர்கள் கிராமத்தில், ஒரு வரப்புத் தகராறில் வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டிய சாலமோன் பக்கத்து நிலத்துக்காரர். அதே கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்கை நான்தான் எழுதினேன். சாலமோனின் மகள் மெர்சி அப்போது கைக்குழந்தை. தண்டனை முடிந்த பிறகும் சாலமோன் ஊர் திரும்பவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மெர்சிக்குப் பசுவந்தனையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கலியாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் பேசுவதில்லை. முதல் ஞாயிறே தேவராஜின் தம்பி செல்லத்துரை எழுந்துவிட்டார். "ரத்தப்பழி உள்ள வீடு. பிதாக்கள் செஞ்சத மூணு நாலு தலைமுறைக்கும் கர்த்தர் விசாரிப்பார்னு வேதம் சொல்லுது. இந்தக் கோயில்ல இந்தக் கலியாணம் நடக்கப்படாது."

இரண்டாம் ஞாயிறும் அவர் எழுந்தார். மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோனார்கள். இளைஞரான போதகர் ஒரு வழி சொன்னார். மெர்சி சபை முன்பு முழங்காலில் நின்று தகப்பன் பாவத்துக்காக மன்னிப்புக் கேட்கட்டும், எப்சிபாம்மா வந்து மன்னிக்கட்டும், அதோடு முடியும். ஊரே அதை நல்ல யோசனை என்றது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்றாம் ஞாயிறு நானும் போனேன்.

மெர்சி முழங்காலில் நின்றாள். எழுதிக் கொடுத்ததை வாசிக்கத் தொடங்கினாள்.

"ஏட்டி, எந்திரி" என்றார் எப்சிபாம்மா. "நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குத? அன்னைக்கு நீ தொட்டில்ல கெடந்த. நான் உன்ன மன்னிச்சேன்னா நீ தப்பு செஞ்சவள்னு ஆயிரும்லா?"

"மதினி, அப்ப எங்க அண்ணன் ரத்தம்?" செல்லத்துரை கத்தினார்.

"அது சாலமோன்கிட்ட இருக்கு. அவன் வந்து கேக்கட்டும். குடுப்பனா மாட்டனான்னு எனக்கே தெரியாது. அவன்கிட்ட வாங்க வேண்டியத இந்தப் பிள்ளகிட்ட வாங்கிட்டா, அவன் சும்மா போயிருவான்."

"வேதம் சொல்லுதே, மதினி."

"விசாரிப்பேன்னு கர்த்தர் சொன்னாரு. உன்னையா விசாரிக்கச் சொன்னாரு? தகப்பன் அக்கிரமத்த மகன் சுமக்க மாட்டான்னும் அதே வேதத்துல இருக்கு. அந்தப் பக்கம் உன் புஸ்தகத்துல கிழிஞ்சு போச்சோ?"

செல்லத்துரை வெளியே போனார். தடை உண்டா என்று போதகர் மறுபடியும் கேட்டார். இந்த முறை யாரும் எழவில்லை. மெர்சி இன்னும் முழங்காலிலேயே இருந்தாள். எப்சிபாம்மா போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

மறுநாள் என் செய்தி வந்தது. தலைப்பு: "கணவரைக் கொன்றவரின் மகளை மன்னித்த பெண்." தலைப்பும் நான் கொடுத்ததுதான்.

காலை எட்டு மணிக்குள் அவர் அழைப்பு வந்துவிட்டது. "எத்தன வருசமா எழுதுதீங்க அண்ணாச்சி? நான் எங்க மன்னிச்சேன்? நீங்க அந்தப் பிள்ளையக் குத்தவாளி ஆக்கிட்டீங்க. பசுவந்தனையில மாப்பிள்ளைக்கு அத்தைக்காரி பேப்பரக் கையில வச்சிக்கிட்டு, மன்னிப்பு வாங்குனவள்னா குத்தம் இருந்திருக்குல்லான்னு சொல்லுதாளாம். வியாழக்கிழம கலியாணம். நிப்பாட்டணும்ங்காவ."

திருத்தம் கேட்டு மதுரைக்குப் பேசினேன். செய்தி ஆசிரியர் சிரித்தார். "மன்னிக்கவில்லை என்று திருத்தமா? நல்லதைக் கெடுக்கிறீரே." தவறு என்னுடையது என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை உள்பக்கத்தில் சிறிதாக வந்தது: மெர்சி எந்தக் குற்றமும் செய்யாததால் அவரை மன்னிக்கும் பேச்சே எழவில்லை என்று எப்சிபா தெரிவித்துள்ளார்.

அந்தத் தாளோடு இருவரும் பசுவந்தனைக்குப் பேருந்து ஏறினோம். அங்கே போய் அத்தைக்கு உரக்க வாசித்துக் காட்டினார்.

"உங்களுக்கு அவ மேல கோவமே இல்லையாம்மா?" என்று கேட்டாள் அத்தை.

"அவ அப்பன் மேல இருக்கு. அது அங்கனயே இருக்கட்டும். இங்கன கொண்டு வராதீங்க."

அத்தை வாயைத் திறப்பதற்குள், அதுவரை கதவருகே நின்றிருந்த மாப்பிள்ளை சொன்னார்: "நாளைக்குக் கலியாணம் இருக்கு, அத்தை. வேலையப் பாருங்க." கலியாணம் நடந்தது. எப்சிபாம்மா போகவில்லை. போனால் அன்றைக்கும் பேச்சு தன்னைப் பற்றியே இருக்கும் என்றார்.

போன வருடம் ஒருநாள் கேட்டேன், சாலமோனை இப்போதாவது மன்னித்துவிட்டீர்களா என்று. "அவன் கேக்கலையே அண்ணாச்சி. கேட்டா அன்னைக்குப் பாப்போம்." சாலமோன் வரவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் பேசிய ஒருவர் அவரை, எல்லாரையும் மன்னித்த தாய் என்றார். இதை வாசிக்கும் உங்களில் அவரை அறிந்த பலரும் அங்கே தலையசைத்தீர்கள். அது சரியில்லை. ஒருவரை அவர் மன்னிக்கவில்லை. இன்னொருவரிடம் மன்னிக்க ஒன்றுமில்லை என்றார். இரண்டையும் கடைசிவரை கலக்காமல் வைத்திருந்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு தயக்கம். "கொலையாளியின் மகன்" என்று எழுதப்போகும்போது கை நின்றுவிடுகிறது. தொலைபேசியை எடுத்து, அந்தப் பையன் பெயர் என்ன என்று கேட்கிறேன்.