கல்லில் விழுந்த ‘ற’

உளிமுனை சலவைக்கல்லை விட்டு எழும்பவே இல்லை. இடது கை அதை ஒரு நெல் அகலம் நகர்த்தும். வலது கை சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டும். மறுபடி ஒரு நெல் அகலம். உதிர்ந்த வெள்ளைத் தூளை அந்தக் கைகள் கோழி இறகால் ஒதுக்கின. வாயால் ஊதினால் எச்சில் பட்டுப் பென்சில் கோடு மங்கிவிடும். கடைசி எழுத்தின் தலையில் புள்ளியைக் குடைந்து முடித்ததும் சுத்தியலை வைத்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீரைச் சரித்துக் கல்லைக் கழுவிவிட்டன.

கஞ்சித் தூக்கோடு கொட்டகைக்குள் வந்த பவுனம்மாள் கல்லை எட்டிப் பார்த்தாள். கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கணவர் வெட்டுகிற கல்லையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள்.

“இவ்...வீ...ட்டில் வழ...க்...கறிஞர் ஸ்ரீ...சைலம் ஐயங்கார்... இ...ற...ந்...தார்.” தூக்கைக் கீழே வைத்தாள். “ஐயோ பாவம், வக்கீலையா எப்பங்க செத்தாரு? போன வாரம்கூட மார்க்கெட்டுல வெண்டைக்காயை ஒடிச்சு ஒடிச்சுப் பாத்துக்கிட்டு நின்னாரே!”

“அது இருந்தார். ஒழுங்கா வாசி.”

“நான் ஒழுங்காத்தான் வாசிக்கிறேன். நீங்கதான் ஒழுங்கா வெட்டலை.”

அமிர்தராஜ் குனிந்தார். அவள் வாசித்தது சரி. கடைசி வரியில், ‘ரு’ இருக்கவேண்டிய இடத்தில், அகலமாகக் கால் பரப்பி உட்கார்ந்திருந்தது ‘ற’.

1961-ஆம் வருஷம் ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகல் அது. அமிர்தராஜுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பாலக்கரையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் இருபது வருஷமாகக் கொட்டகை போட்டுக் கல் வெட்டுகிறவர். அப்பா கல்லுடைக்கிற கூலி. அவருக்கு எழுத்து தெரியாது. மகன் தானாகவே கற்றுக்கொண்டார். கோட்டைக்குள் கிடங்குச் சதுக்கம் என்று ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குச் சாமான் வைத்திருந்த இடம். நாலு பக்கமும் தூண் வைத்த கட்டிடங்கள், சுவர் எங்கும் பதித்த கல்வெட்டுகள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இளவயது அமிர்தராஜ் மெல்லிய காகிதமும் கரித்துண்டும் எடுத்துக்கொண்டு அங்கே போவார். காகிதத்தைக் கல்லின்மேல் விரித்துக் கரியால் தேய்த்து எழுத்துகளைப் படியெடுப்பார். இங்கிலீஷில் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் எந்த எழுத்து எவ்வளவு ஆழம், எங்கே உளி சாய்ந்தது, எங்கே நிமிர்ந்தது என்று விரலால் சொல்லிவிடுவார்.

தப்பு வராமல் இருக்க அவருக்கு ஒரு முறை உண்டு. பென்சிலில் எழுதிய வரியைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குப் பின்னோக்கி வாசிப்பார். முன்னோக்கி வாசித்தால் அர்த்தம் கண்ணை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். இந்தக் கல்லிலும் எல்லா வரியையும் அப்படித்தான் பார்த்தார், ஒரே ஒரு வரியைத் தவிர. அந்த வரியில் ஒரே ஒரு சொல், நடுவில் தனியாக. கல்லறைக் கல்லில் ‘இறந்தார்’ எப்போதும் அப்படித்தான் தனி வரியில் நிற்கும். ஆயிரம் தடவை வெட்டிய கை, தாளைப் பார்க்காமலே வெட்டிவிட்டது.

சாதாரணக் கல்லாக இருந்தால் வேறு கல் எடுக்கலாம். இது அந்தக் கிடங்குச் சதுக்கத்தில் பதிக்கவென்றே வரவழைத்த சலவைக்கல், வேறு பலகை இல்லை. சதுக்கத்தின் நாலு பக்கத்தில் மூன்று பக்கக் கட்டிடங்களைக் காட்சிசாலைகளாக்கி வெள்ளிக்கிழமை காலையில் திறக்கிறார்கள். அதில் நாணயக் காட்சிசாலை, வக்கீல் ஸ்ரீசைலம் ஐயங்கார் நாற்பது வருஷம் குடியிருந்த வீடு. வீட்டையும், வாழ்நாளெல்லாம் சேர்த்த காசுகளையும் வாள்களையும் ஊருக்குக் கொடுத்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோய்விட்டார். அவருக்கு எழுபத்து நாலு வயது. சித்திரையில் மார்வலி வந்து மூன்று வாரம் படுக்கையில் கிடந்து எழுந்தவர். கல்லைத் திறந்துவைக்கப் போகிறவரும் அவரேதான்.

காட்சிசாலைக் குழுவின் ஓவர்சியர் வெள்ளைச்சாமி தாளைக் கொடுத்த அன்றைக்குச் சொல்லியிருந்தார்: “மொதல்ல ‘வாழ்ந்தார்’னுதாங்க எழுதியிருந்தோம் மேஸ்திரி. வக்கீல் வீட்டு மாமி ஒரே அழுகை. வாழ்ந்தார்னா போய்ச் சேந்துட்டாப்பல இருக்குதாம். அப்புறம்தான் அடிச்சிட்டு ‘இருந்தார்’னு போட்டோம். பாத்து வெட்டுங்க.”

பார்த்து வெட்டிய லட்சணம் கண்முன்னால் கிடந்தது.

“சுண்ணாம்பை வச்சு அடைச்சிட்டு மேல வெட்டிருங்களேன்,” என்றாள் பவுனம்மாள்.

“ரெண்டு மழைக்குத் தாங்கும். மூணாவது மழையில அடைப்பு விழுந்துரும். ஊரே நின்னு இறந்தார்னு வாசிக்கும்.”

“திருப்பிப் போட்டு அந்தப் பக்கம்?”

“முதுகு கரடு. மெருகு ஏத்தவே மூணு நாள் ஆகும். நமக்கு இருக்கிறது ரெண்டு நாள்.”

கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். சதுக்கத்துக் கல் ஒன்று ஞாபகத்துக்கு வந்திருந்தது. கிணற்றடியில் இருந்த கல். கீழே 1803 என்று வருஷம். அதில் அந்த மூன்று மட்டும் எப்போது படியெடுத்தாலும் மற்ற எழுத்தைவிட ஒரு மயிரிழை கூர்மையாக விழும். ஏனென்று அந்த வயதில் விளங்கவில்லை. இப்போது விளங்கிற்று.

கோட்டை வாசலான மெயின்கார்டு கேட்டைத் தாண்டிச் சதுக்கத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்று. கிணற்றடியில் கல் இல்லை. பெயர்த்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆயுதக் காட்சிசாலை பூட்டு, கல்வெட்டுக் காட்சிசாலை பூட்டு. வக்கீல் வீட்டு வாசலில் காவல்காரர் ஜமால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வெள்ளிக்கிழமை வாங்க மேஸ்திரி. அதுவரைக்கும் யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு.”

“ஒரே ஒரு கல்லைப் பாக்கணும் பாய்.”

“பாக்காத கல்லா? இருபது வருஷமா கல்லைத்தான பாக்குறீங்க!”

“யாரது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஸ்ரீசைலம் ஐயங்காரே வெளியே வந்தார். கையில் சாவிக்கொத்து. சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கிற்று. சித்திரைக்கு முன் அப்படி இல்லை. “அமிர்தராஜா! வாரும், வாரும். ஜமால், இவர் இல்லாட்டா நமக்குக் கல்லே இல்லைங்காணும்.”

அமிர்தராஜ் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

வக்கீல் தாமே அழைத்துப்போய்க் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆர்க்காட்டு நவாபு காசுகள், அடுத்த கட்டிடத்தில் துருப்பிடித்த பீரங்கிக் குண்டுகள், ஒரு குதிரைக்காரனின் பூட்ஸ். ஒவ்வொன்றையும் எங்கே வாங்கினேன், எவன் ஏமாற்றினான் என்று சொல்லிக்கொண்டே மெல்ல நடந்தார். படியேறும்போது இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். அமிர்தராஜ் ‘ஆமாங்க’ என்று தலையாட்டிக்கொண்டே பின்னால் போனார். மூன்றாவது கட்டிடத்தில், ஜன்னல் ஓரமாக, கிணற்றடிக் கல் சாய்த்து வைத்திருந்தது.

அமிர்தராஜ் தோள்துண்டை நனைத்து வருஷத்தின்மேல் ஒரு தடவை துடைத்துவிட்டுக் காத்திருந்தார். கல் காய்ந்தது. மூன்றைச் சுற்றி ஈரம் மட்டும் காயாமல் ஒரு கோடாக நின்றது. ஒட்டுத்தான். பழைய இலக்கத்தைச் சதுரமாகத் தோண்டி எடுத்துவிட்டு வேறு துண்டு பதித்து, அதன்மேல் மூன்றை வெட்டியிருந்தான் எவனோ ஒருவன். ஆனால் கோடு சதுரமாக ஓடவில்லை. இடது பக்கத்தில் பூஜ்யத்தின் முதுகுக்குள் புகுந்து மறைந்தது; மேலே மூன்றின் தலைக்கோட்டுக்குள் புகுந்தது. எழுத்தின் பள்ளத்துக்குள்ளேயே இணைப்பை ஒளித்துவிட்டான். அமிர்தராஜ் அதை விரலால் மூன்று தடவை தடவினார்.

“நாப்பது வருஷமா இந்தக் கல்லைப் பார்க்கறேன். எனக்குத் தெரியலையே!” என்றார் வக்கீல். பிறகு குரல் தாழ்ந்தது. “இதை எதுக்கு இன்னிக்கு வந்து பார்க்கறீர்? என் கல்லுல ஏதாவது...?”

அமிர்தராஜ் ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வியாழக்கிழமை சாயங்காலம் கல்லு வந்துருங்க ஐயா,” என்றார் அமிர்தராஜ். கேட்டதற்குப் பதில் அது இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது.

புதன்கிழமை விடிந்ததும் ‘ற’வைத் தோண்ட ஆரம்பித்தார். அரை அங்குல ஆழம். வலது எல்லை ‘ந’வின் இடது காலுக்குள் விழவேண்டும். ஒரு தட்டு கூடினால் ‘ந’ உடையும். உடைந்தால் கல்லே போயிற்று. ஒவ்வொரு தட்டுக்கும் மூச்சைப் பிடித்து விட்டார். பள்ளம் முடிய மத்தியானமாயிற்று. அதே சலவைக்கல் பலகையை அளவுக்கு அறுத்தபோது மிஞ்சிய ஓரத்துண்டுகள் இரண்டு இருந்தன. முதல் துண்டைப் பள்ளத்துக்குச் சரியாக அரத்தால் ராவி இறக்கி, மரக்கட்டையை வைத்து ஒரே ஒரு தட்டுத் தட்டினார். ‘டிக்’ என்றது. குறுக்காகப் பிளந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வெள்ளைச்சாமி சைக்கிளை நிறுத்தினார். பவுனம்மாள் ஈரச் சாக்கை எடுத்துக் கல்லின்மேல் போட்டாள்.

“என்ன மேஸ்திரி, புதுப்பொண்ணு மாதிரி மூடி வச்சிருக்கீங்க?”

“முடியாத கல்லைக் காட்டற பழக்கம் இல்லைங்க.”

“கலெக்டர் வர்றாருங்க. நான் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறேன்.” அவர் கை சாக்கின் ஓரத்துக்குப் போயிற்று.

“தொடாதீங்க!” என்றாள் பவுனம்மாள். “பதம் கலைஞ்சா அப்புறம் உங்க பேரைத்தான் சொல்லுவாரு. மோர் இருக்கு, குடிக்கிறீங்களா?”

வெள்ளைச்சாமி கையை இழுத்துக்கொண்டார். மோரைக் குடித்துவிட்டு, “நாளைக்கு நாலு மணி. வரலைன்னா பலகையில பெயிண்ட்ல எழுதி மாட்டிருவோம்,” என்று சொல்லிப் போனார்.

இருந்தது ஒரே ஒரு துண்டு. அமிர்தராஜ் அதை உடனே எடுக்கவில்லை. பிளந்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லுக்குள் நரம்புபோல் ரேகை ஓடிய திசையில் தட்டு விழுந்திருந்தது. இரண்டாவது துண்டைத் திருப்பி வைத்து, ரேகை பலகையின் ரேகையோடு ஒரே வாக்கில் ஓடும்படி குறித்துக்கொண்டார். இந்தத் தடவை சுத்தியலைத் தொடவே இல்லை. ராவுவதும் இறக்கிப் பார்ப்பதும் எடுப்பதுமாகப் பொழுது சாய்ந்தது. கடைசியில் கட்டைவிரல் அழுத்தத்துக்கே துண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. எடுத்து, உருக்கிய அரக்கில் கல்தூள் குழைத்துத் தடவிப் பதித்து, மேலே ஒரு கல்லைப் பாரம் ஏற்றினார்.

வியாழக்கிழமை காலையில் ‘ரு’வை எழுதி, வரியைப் பின்னோக்கி வாசித்தார். பவுனம்மாளையும் வாசிக்கச் சொன்னார். அப்புறம்தான் உளியை எடுத்தார். ‘ரு’வின் இடது காலும் தலைக்கோடும் இரண்டு இணைப்பை விழுங்கிவிட்டன. ‘ந’வின் கால் மூன்றாவதை விழுங்கியது. எழுத்துப் பள்ளத்தில் கறுப்பு ஊட்டியதும் மூன்றும் தெரியவில்லை. அடிப்பக்கத்து இணைப்பு மட்டும் ஒளிய இடமில்லாமல் தலைமுடி கனத்தில் நின்றது.

“யாரும் கண்டுபிடிக்க முடியாதுங்க,” என்றாள் பவுனம்மாள்.

“அவரு என்னைக் கேட்டாரு. நான் சொல்லலை,” என்றார் அமிர்தராஜ்.

சாக்கில் சுற்றிக் கைவண்டியில் ஏற்றிச் சதுக்கத்துக்குக் கொண்டுபோனபோது நாலு அடிக்கப் பத்து நிமிஷம். நாணயக் கூடத்தில் வக்கீலும், அவர் பக்கத்தில் மாமியும், சுவரில் குழி தோண்டி வைத்துக்கொண்டு வெள்ளைச்சாமியும் நின்றார்கள். சாக்கைப் பிரித்ததும் மாமி கண்ணை இடுக்கி வாய்க்குள் வாசித்தாள். ‘இருந்தார்’ வரைக்கும் வந்து பெருமூச்சு விட்டாள். வெள்ளைச்சாமி கல்லைத் தூக்கக் கையை நீட்டினார்.

“ஒரு நிமிஷம்,” என்றார் அமிர்தராஜ். கல்லின் மறுமுனையை விடவில்லை. “ஐயா வாங்கிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இதுல ஒட்டு இருக்கு. என் கை செஞ்ச தப்பு. நூறு வருஷம் நிக்கும், கழண்டு வராது. ஆனா முழுக்கல் இல்லைங்க. வேண்டாம்னா தூக்கிட்டுப் போயிடறேன்.”

வெள்ளைச்சாமியின் முகம் வெளுத்தது. வக்கீல் கல்லருகே குனிந்தார். விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்து ‘ரு’வின் அடியில் நின்றது.

“முன்னே இங்கே என்ன எழுத்து?”

அமிர்தராஜ் மாமியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ற-ங்க,” என்றார்.

வக்கீலின் உதடுகள் சத்தமில்லாமல் அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லிப் பார்த்தன. அவர் கை தானாக மார்புக்குப் போயிற்று. அங்கேயே கொஞ்சம் தங்கியது.

“என்னவாம்?” என்றாள் மாமி.

“ஒண்ணுமில்லை. ஒரு எழுத்து கொஞ்சம் அவசரப்பட்டுடுத்தாம்.” தோள் குலுங்கச் சிரித்தார், இருமல் வந்து சிரிப்பை முடித்தது. “இவர் தோண்டி எடுத்துப் போட்டுட்டார். விடும், வெள்ளைச்சாமி, நான் பிடிக்கறேன்.”

“பாரமுங்க ஐயா.”

“என் கல்லு. நான்தானே தூக்கணும்?”

மறுமுனை தரையில் சாக்கின்மேல் ஊன்றியிருக்க, அமிர்தராஜ் தன் முனையை ஒரு விரற்கடை உயர்த்திக் கொடுத்தார். வக்கீலின் இரண்டு உள்ளங்கையும் கல்லுக்கு அடியில் வந்து பொருந்தின. பாரம் இறங்கியது தெரிந்ததும் அமிர்தராஜ் கையை எடுத்தார்.