ஒன்பது புளியங்கொட்டையும் அண்ணனின் சர்க்கரையும்

ஆடித்தபசுக் கூட்டத்தில் சங்கரன்கோவிலுக்குப் போகாதே என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நான் சாமி கும்பிடக் கிளம்பவில்லை, அண்ணனிடம் சண்டை போடக் கிளம்பினேன். அண்ணனுக்குச் சர்க்கரை கூடிக்கொண்டே போகிறது. இரண்டு வாரம் ஒழுங்காக நடந்துவிட்டு வாருங்கள், அப்போதும் இறங்கவில்லை என்றால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் கெடு வைத்திருந்தார். ஊசி என்றால் அண்ணனுக்கு உயிரே போய்விடும். அதற்காக நடப்பாரா என்றால், அதுவும் கிடையாது.

மதுரையில் காலை 7.10க்கு ரயில். தூரம் சுமார் 125 கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். 9.25க்கு இறங்கினேன். ஜன்னலோரம் வேண்டுமென்றால் அரை மணி முன்பே போய்விடுங்கள். அண்ணனை எப்படியெல்லாம் ஏசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்ததில், ராஜபாளையம் தாண்டும்போதே எனக்கு நெஞ்சு எரிந்தது. கோபம் வந்தால் என் வயிற்றுக்குத்தான் முதலில் தெரியும். எங்கள் குடும்பத்து உடம்பின் வாகு அது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவரை, சர்க்கரை என்பது காப்பியில் போடுவது என்றுதான் அண்ணன் நினைத்திருந்தார். ரிட்டையர் ஆகி நாலு வருடம். நாற்காலியும் டிவியுமாக உட்கார்ந்துவிட்டார். போன மாதம் டாக்டரிடமே, "நடந்து எங்க போவணும்? ஆபீசுக்கா?" என்று கேட்டாராம். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். பாதி வழியிலேயே டிரைவர் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல வண்டி போவாதுக்கா. இங்கன எறங்கிருங்க."

"வீடு இன்னும் தூரமாச்சே?"

"இன்னைக்கு ஊரே நடக்கு. நீங்க நடக்க மாட்டியளா?"

வீட்டில் அண்ணனுடைய நாற்காலியில் அண்ணன் இல்லை. மதினி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, வீங்கிய முட்டியோடு காலை அந்த நாற்காலியில் நீட்டி, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வா வசந்தி. உங்க அண்ணன் கோயில்ல சுத்துதாவ."

"அண்ணனா?"

"அவுக சுகர் எறங்கணும்னு நாந்தான் நூத்தியெட்டுச் சுத்து நேர்ந்தேன். நாளுக்கு ஒம்பது. மூணாம் நாளே முட்டி வீங்கிட்டு. நேர்ச்சய பாதில விடுதியாக்கும்னு என்ன ஒரு ஏச்சு ஏசிட்டு, அவுகளே கெளம்பிட்டாவ."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். ஆடித்தபசில் அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்கிறாள். கோயிலை இப்படிச் சுற்றினால் அவளுடைய கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. இதற்கு ஆடிச்சுற்று என்று பெயர்.

பிராகாரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக அண்ணன் வந்துகொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, இரண்டு கையையும் இறுக மூடியிருந்தார். ஆசையில் ஓடிப்போய்த் தோளைத் தட்டினேன். கையிலிருந்து புளியங்கொட்டைகள் சிதறின. ஒன்பது கொட்டையை இடது கையில் வைத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாக வலது கைக்கு மாற்றி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏட்டி, கெடுத்துட்டியே! அஞ்சு முடிஞ்சுதா ஆறான்னு தெரியலயே!"

"ஆறுன்னு வச்சுக்கோங்கண்ணே."

"சாமிகிட்டப் பொய்க் கணக்கா? உன் மதினி முட்டிய நெனச்சுப் பாரு."

ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நானும் கூட நடந்தேன். ஒத்திகை பார்த்த ஏச்செல்லாம் எங்கே போயிற்றோ, மூன்றாவது சுற்றில் நெஞ்செரிச்சலும் இல்லை.

கெடு முடிந்து பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. முழுக்க இல்லை. மாத்திரை வழக்கம்போலத்தான், ஊசியை மட்டும் டாக்டர் ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறார். நடையும் நல்ல தூக்கமும் செய்த வேலை என்றாராம். தனக்காக என்றால் பத்தடி நடக்காத மனுஷன், பெண்டாட்டி முட்டிக்காக நடந்தார் என்பது என் கணக்கு. அதனால் உங்கள் வீட்டிலும் யாராவது நாற்காலியை விட்டு எழவில்லை என்றால் ஏசிப் பிரயோஜனமில்லை. அவர் இல்லாமல் நடக்காத ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

திருவிழா முடிந்த பிறகும் அண்ணன் தினமும் காலையில் கோயிலைச் சுற்றப் போகிறார். மதினிக்கு முட்டி இன்னும் சரியாகவில்லையாம். போனில் மதினி அதைச் சொல்லும்போது, அவரே வீட்டுக்குள் விறுவிறுவென்று நடக்கிற செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

நீங்கள் போவதாக இருந்தால் வெயிலுக்கு முன் போங்கள். தரை சுடும். தண்ணீர் பாட்டில் அவசியம். இரண்டு கையையும் மூடிக்கொண்டு வேகமாக நடக்கிற பெரியவரைப் பார்த்தால் தோளைத் தட்டிவிடாதீர்கள், ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். தெரியாமல் தட்டிவிட்டாலும் கவலையில்லை, மதினி உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுப்பார்.