அவருக்கு இருபது என்று எழுதினேன்

ஆட்டக்காரர்களின் ரன் கணிப்பில் எங்கள் அச்சகத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் சிவகாசியில், பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கிற அச்சகம் ஒன்றில் இருந்தேன். கம்ப்யூட்டரில் படமும் எழுத்தும் அமைப்பது என் வேலை. தீபாவளி சீசன் வந்துவிட்டால் ஞாயிறும் வேலைநாள்தான். ஞாயிறுதோறும் ஒரே ஒருவருக்கு லீவு தரலாம் என்று முதலாளி அண்ணாச்சி இறங்கி வந்தார். அது யாருக்கு என்பதில் சண்டை மூண்டது. ஒருவருக்குக் காதுகுத்து, இன்னொருவருக்குக் கொழுந்தியாள் வீட்டில் கிடாவெட்டு. கடைசியில் கிரிக்கெட் பைத்தியமான அண்ணாச்சியே வழி கண்டுபிடித்தார். அந்த வாரத்து ஆட்டத்துக்கு ஆளுக்கு மூன்று மட்டையாளர்களைப் பொறுக்கி, ஒவ்வொருவரும் எத்தனை ரன் அடிப்பார் என்று எழுதித் தர வேண்டும். மூவரில் ஒருவர் கேப்டன். அவர் விஷயத்தில் தவறினால் தவறு இரட்டிப்பாகும். யார் எழுதியது நிஜத்துக்கு நெருக்கமோ அவருக்கு லீவு.

நாடே தலையில் வைத்துக் கொண்டாடிய மட்டையாளர் ஒருவர் அப்போது இருந்தார். அத்தனை பேரும் அவரைத்தான் கேப்டனாகப் போடுவார்கள், அவருக்கு நூறு என்றுதான் எழுதுவார்கள். அவர் பத்தில் போனாலும் அடுத்த வாரம் மறுபடி நூறு. வெடிமருந்துக்குப் பக்கத்தில் பிழைக்கிற ஊர் எங்களுடையது. ஆலைக்குக் கிளம்புகிறவர் காதில் ஒரு கெட்ட சொல் விழ விடமாட்டோம். அந்தப் பழக்கம் கிரிக்கெட்டுக்கும் தொற்றிக்கொண்டது. குறைத்து எழுதினால் மனிதர் குறைத்து அடித்துவிடுவாராம். கணிக்கச் சொன்னால் எல்லோரும் உட்கார்ந்து வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். நானும் அவருடைய பக்தைதான். அதுவரை நானும் நூறுதான் எழுதினேன்.

அப்போதுதான் அக்காவின் வளைகாப்பு வந்தது. அச்சங்குளத்தில் வாக்கப்பட்டவள், நெடுநாள் கழித்து உண்டாகியிருந்தாள். எங்களுக்கு அம்மா இல்லை. பிறந்த வீட்டுச் சோறு கட்டிக்கொண்டு போய் அவளை அழைத்துவர என்னை விட்டால் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள். அண்ணாச்சியிடம் போய் நின்றேன். உனக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கேட்டுவிட்டு, "செயிச்சுட்டுப் போம்மா, யாரு தடுத்தா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சரி, செயித்தே போகிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்த வாரம் பக்தியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஆட்டத்தை ஆட்டமாக யோசித்தேன். மனிதருக்கு விரல் காயம் ஆறி முதல் ஆட்டம். எதிரணியில் இடது கை வேகப்பந்துக்காரன் ஒருவன். பந்தை உள்ளே கொண்டுவந்தே பழக்கிவிட்டு, திடீரென்று ஒன்றை வெளியே எடுப்பான். அதில் நம்மவர் ஏற்கெனவே மாட்டியிருக்கிறார். அவரையே கேப்டனாகப் போட்டு, இருபது என்று எழுதினேன். தாள்களை வாங்கி வைத்த மிஷின்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தாயி, கை கூசலையா ஒனக்கு?"

கூசத்தான் செய்தது. ஆனால் மாற்றி எழுதவில்லை.

சனிக்கிழமை பகலில் ஆட்டம். அண்ணாச்சி அறையில் டிவி ஓட, வாசலில் கூட்டம். மனிதர் வந்ததும் வராததுமாக இரண்டு பவுண்டரி விளாசினார். எல்லோரும் கைதட்ட, நான் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தேன். எத்தனையோ நாள் இருக்கன்குடி மாரியிடம் அவருக்காக நூறு கேட்டவள், அன்றைக்கு அதே தாயிடம் அவருடைய விக்கெட்டைக் கேட்டேன். பதினெட்டு. அப்புறம் இன்னொரு பவுண்டரி. இருபத்திரண்டு. இன்னும் ஒரு ஓவர் நின்றால் என் கதை முடிந்தது. இடது கைக்காரன் ஓடிவந்தான். பந்து வெளியே போனது, மட்டையில் உரசியது, கீப்பர் பிடித்துவிட்டான்.

இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது அறை. நான் மட்டும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. மற்ற இருவரும் நான் எழுதிய எண்ணுக்கு முன்னே பின்னே வந்து சேர்ந்தார்கள். கணிப்பில் என் பக்கத்தில்கூட யாரும் நெருங்கவில்லை. அண்ணாச்சி லீவு கொடுத்தார், முகம்தான் கொடுக்கவில்லை. நான் எழுதிய எழுத்துதான் அந்த மனிதரைக் கவிழ்த்தது என்று சாயங்காலம் வரை புலம்பினார்கள். சோற்றில் உப்புப் போட்டுச் சாப்பிடுகிற எவரும் அந்தப் பந்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். கை நிறைய வளையலோடு மணையில் இருந்த அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். வாரத்தின் நடுவில் போனில் பேசும்போது, லீவு கிடைக்க இருபது என்று எழுதப்போவதை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அந்த மட்டையாளர் படத்தை டிரங்குப் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருக்கிறவள் அவள். அவரை யாராவது ஒரு சொல் சொன்னால் சண்டைக்குப் போவாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த மனுசன் அவுட்டாகுற வரைக்கும் நேத்து நான் பச்சத்தண்ணி குடிக்கலடி. மாரிக்கு நேந்துக்கிட்டேன்" என்றாள் காதோடு.

பிள்ளைத்தாய்ச்சி செய்கிற வேலையா இது என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேர்ச்சையுமில்லை ஒன்றுமில்லை, விரல் காயமும் வெளியே போன பந்தும்தான், அத்தனையும் நான் போட்ட கணக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. புளிச்சோற்றை ஒரு கவளம் உருட்டி அவள் வாயில் வைத்தேன்.