ராணி வாயைத் திறந்து அழக் கூடாது

எங்கள் தொழிலில் அழுகை மூன்று வகை. பணக்கார அழுகை, நடுத்தர அழுகை, லோக்கல் அழுகை. பெயர் நான் வைத்ததல்ல. டப்பிங் அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் வைத்தது. பணக்கார அழுகை மூக்கில் வரும். நடுத்தர அழுகை தொண்டையில் வரும், நடுவில் ஒரு 'என்னங்க' இருக்கும். லோக்கல் அழுகை வயிற்றிலிருந்து வர வேண்டும், கூடவே மார்பில் அடித்துக்கொள்கிற சத்தமும் வேண்டும். மைக் முன்னால் நின்று என் மார்பில் நானே அடித்துக்கொள்வேன். மைக்கில் வளையல் கேட்டுவிடும் என்பதால் அந்த மாதிரி நாளில் வளையல் போடாமல் போவேன்.

பதினெட்டு வருடமாக எனக்கு மூன்றாவது வகைதான். முதல் நாள் குரல் பார்க்கப் போனபோது எந்த ஊர் என்று கேட்டார்கள். ஊரப்பாக்கம் என்றேன். "அப்ப இன்னா, கீது எல்லாம் தானா வரும்" என்று ஒருவர் சொன்னார். நான் அதுவரை நல்ல தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அது அவர் காதில் விழவில்லை.

'இன்னா' எனக்கு வரும். வீட்டில் அப்படித்தான் பேசுவேன். பேங்கில் வேறு மாதிரி பேசுவேன், பையன் பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி, சாமியிடம் வேறு மாதிரி. எல்லோரிடமும் நாலைந்து பேச்சு இருக்கிறது. சினிமாவில் மட்டும் ஏழைக்கு ஒரே பேச்சு. நான் மீன்காரிக்குப் பேசியிருக்கிறேன், பூக்காரிக்குப் பேசியிருக்கிறேன், குடிகாரன் பெண்டாட்டிக்கு எத்தனை தடவை என்று கணக்கில்லை. எல்லாரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்துவார்கள். எங்கள் தெருவில் யாரும் இடுப்பில் கை வைத்துப் பேசி நான் பார்த்ததில்லை. கையில் வேலை இருக்கும்.

பணக்காரப் பெண்ணுக்கும் பெரிய சொகுசில்லை. அவள் மாடிப்படியில் இறங்கி வர வேண்டும், திமிராகப் பேச வேண்டும், ஏழைப் பையன் ஒருத்தன் அறைந்ததும் திருந்த வேண்டும். ராணி என்றால் அழகாக இருப்பாள், அல்லது சூழ்ச்சி செய்வாள். சின்ன வயதில் வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்த ராஜா கதைகளிலும் இதேதான். ராஜா போருக்குப் போவார், ராணி உப்பரிகையில் நிற்பாள். இவள் சாப்பிட்டாளா, இவளுக்குக் கால் வலிக்காதா என்று ஒருவரும் எழுத மாட்டார்கள். எனக்குக் கோபமாக வரும். கோபத்தோடேயே அடுத்த பாகத்தையும் எடுத்து வருவேன்.

ஆனாலும் அந்த இருட்டறை எனக்குப் பிடிக்கும். காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் என்று வரிசையாகப் போகும். ஏரிப் பக்கம் பனி கிடக்கும். புது அடுக்கு மாடிகள் பாதி கட்டிய நிலையில், ஜன்னல் இல்லாமல், பெரிய அரண்மனை மாதிரி நிற்கும். அரைத் தூக்கத்தில் அதில் யாராவது உப்பரிகையில் நிற்கிறார்களா என்று பார்ப்பேன். சிமெண்ட் சட்டியோடு ஒரு பெண் நிற்பாள். கோடம்பாக்கத்தில் இறங்கி, நடந்து, அந்த அறைக்குள் போய் கதவைச் சாத்தினால் உலகச் சத்தம் மொத்தமும் நின்றுவிடும். விளக்கை அணைப்பார்கள். எதிரே திரை மட்டும். அந்த இருட்டில் எனக்கு உடம்பு கிடையாது, நிறம் கிடையாது, ஊர் கிடையாது. வெறும் மூச்சு. திரையில் யார் வாயைத் திறக்கிறாளோ அவளுக்குள் போய்விடலாம்.

சில நாள் விடியற்காலையில் எங்கள் மாடிக்கு வண்டலூர் மிருகக்காட்சி சாலைச் சிங்கம் கேட்கும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் கேட்கும். காட்டுக்கு ராஜா என்கிறார்கள். அது கறிக்காக மணி பார்த்துக் கத்துகிறது. பாலுக்குக் காத்திருக்கிற எங்கள் தெரு மாதிரி. படுக்கையில் கிடந்தபடி அதைக் கேட்டால் தண்ணீருக்கு அடியில் இருந்து யாரோ கூப்பிடுவது போல இருக்கும். என் வீட்டுக்காரர், "உன் ஆளு கூப்புடுறான் பாரு, டப்பிங்குக்கு" என்பார்.

வடக்கே எடுத்த ஒரு ராஜா தொடர் எங்களிடம் தமிழுக்கு வந்தது. தினமும் சாயங்காலம் டிவியில் வரும். ராணிக்கு ஒரு மேடம் பேசினார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர்தான். ஆனாலும் எல்லோரும் மேடம் என்போம். அவர் என்னை 'ஏம்மா' என்பார். நான் ராணியின் சேடிக்குப் பேசினேன். "தேவி, பால் கொண்டு வந்தேன்." "தேவி, மன்னர் வருகிறார்." அதையும் கொஞ்சம் லோக்கலாகப் பேசச் சொன்னார் டப்பிங் இயக்குநர். எந்தக் காலத்து எந்த நாட்டு அரண்மனை என்றே தெரியாது, ஆனால் வேலைக்காரி மட்டும் வியாசர்பாடி.

எனக்கு ராணி வேண்டும். அதுதான் விஷயம். இத்தனை வருடத்தில் ஒரு முறையாவது ராணி. வீட்டில் யாரும் இல்லாதபோது சமையலறையில் மேடத்தின் வசனத்தைப் பேசிப் பார்ப்பேன். நன்றாகத்தான் வந்தது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு நாள் மேடத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சத்தமே வரவில்லை. அன்று மாலையே அந்தப் பகுதி டிவியில் போக வேண்டும். இயக்குநர் போனில் நாலு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார், யாரும் கிடைக்கவில்லை. அவர் ஐந்தாவது நம்பரைத் தேடும்போது, "நான் பேசறேன் சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "ராணிம்மா அது."

"தெரியும் சார். ஒரு லூப் போட்டுப் பாருங்க. வரலைன்னா வுட்ருங்க."

லூப் என்றால் ஒரு துண்டுக் காட்சி. ஒலிப்பதிவு செய்கிற தம்பி அதை ஓட்டிவிட்டான். ராணி அரசவையில் பேசுகிறாள். நான் பேசினேன். முடிந்ததும் இயக்குநர், "இது எங்கம்மா இருந்துச்சு இத்தனை நாளு" என்றார்.

"இங்கதான் கீது சார். நீங்க கேக்கல."

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டான். மதியத்துக்குள் ராணியின் பேச்சு முழுக்க முடித்துவிட்டேன். கடைசியாக ஒரு காட்சி. போரில் செத்த மகனைத் தூக்கி வருகிறார்கள். ராணி வெறுங்காலோடு படியில் ஓடி வருகிறாள், விழுகிறாள், கத்துகிறாள். பின்னால் சேடி நிற்கிறாள். அவள் முகமெல்லாம் கண்ணீர், வாய் மட்டும் மூடியிருக்கிறது.

"இங்க ராணிக்கு விம்மல் மட்டும் போதும்" என்றார் இயக்குநர். "மூக்குல. வாயைத் திறந்து அழக் கூடாது. கம்பீரம் போயிடும். அப்புறம் உன் சேடிக்கு வந்து ஒரு ஒப்பாரி போட்டுடு, சீன் தூக்கிடும்."

"சார், அந்தம்மா வாயத் தொறந்துகினுதானே அழுவுது."

"மியூசிக் போட்டு மூடிக்கலாம். வழக்கமா அப்படித்தான்."

"சேடி வாய மூடிகினு நிக்குது."

"பின்னால நிக்கறாம்மா. அவளை யார் பாக்கப் போறா?"

"பதினெட்டு வருசமா நான் அவளத்தான் சார் பாத்துகினு கீறேன்."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ராணி கையை விட்டுப் போகிறாள் என்று. வாயை மூடிக்கொண்டு விம்மியிருந்தால் எனக்கே கொடுத்திருப்பார்கள். ஆனால் திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றிருந்தாள், காட்சியை அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் பல் தெரிந்தது. அண்ணாக்கு தெரிந்தது. அதற்குள் நான் மூக்குச் சத்தத்தை எப்படிப் போடுவேன்?

தம்பிதான் மெதுவாகச் சொன்னான். "சார், அக்கா சொல்றது கரெக்ட். லிப் அடிவாங்குது. க்ளோசப் வேற. சேனல்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

லிப் என்றால் உதடு. உதடும் குரலும் ஒட்ட வேண்டும். எங்கள் தொழிலில் சாமி, சட்டம் எல்லாம் அதுதான். ராஜாவோ பிச்சைக்காரனோ, உதடு திறந்தால் சத்தம் வர வேண்டும், மூடினால் நிற்க வேண்டும். அதை மட்டும் எந்த இயக்குநரும் மீற முடியாது.

"சரி, ஒரு டேக் திறந்து அழு. பாக்கலாம்" என்றார்.

என் அம்மா செத்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா காட்டாங்குளத்தூரில் மாணவிகள் விடுதி ஒன்றைக் கூட்டித் துடைக்கிற வேலை செய்தவள். நாங்கள் அடுக்கு மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தோம். நான் வாயைத் திறந்து ஒரு தடவை கத்தினேன். குடியிருப்போர் சங்கத்தில் இருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், மாலையும் கொண்டு வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர், பசங்களுக்கு எக்ஸாம் டைம். கொஞ்சம் சத்தம் மட்டும்..." என்றார். நான் தலையை ஆட்டினேன். ஊரில் உள்ள அத்தனை பிணத்துக்கும் மைக் முன்னால் மார்பில் அடித்துக்கொண்டு அழுதவள், பெற்றவளுக்குப் புடவையை வாயில் அடைத்துக்கொண்டு மூக்கால் அழுதேன். பணக்கார அழுகை.

விளக்கு அணைந்தது. ராணி ஓடி வந்தாள். அவள் விழுந்தபோது நானும் வாயைத் திறந்தேன். என்ன சத்தம் வந்தது என்று எனக்குத் தெரியாது. அரண்மனைப் படிகளும் கார் நிறுத்தும் இடமும் ஒன்றாகிவிட்டன, கண்ணாடிப் பெட்டியின் மேல் பனி பிடித்திருந்தது, யாரோ எங்கோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி கேட்டது. அவள் உதடு மூடியபோது என் உதடும் மூடியது. விளக்கு வந்த பிறகு என் உடம்பு திரும்ப வந்தது. கழுத்தெல்லாம் ஈரம்.

"லிப் ஓகே சார்" என்றான் தம்பி.

அந்தப் பகுதி போனது. மறு வாரம் மேடத்துக்குத் தொண்டை சரியாகிவிட்டது. ராணியை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். இயக்குநர் எனக்குப் போன் செய்தார். "அழுகைக்கு மட்டும் நீ வந்துடு. பேச்சு மேடம், அழுகை நீ. நல்ல காம்பினேஷன்."

"பேசறதும் அழுவுறதும் ஒரே வாய்தானே சார். ரெண்டும் குடுங்க. இல்லன்னா ரெண்டும் வாணாம்."

"ரொம்ப பேசற."

"பேசறதுதான் சார் என் வேல."

வைத்துவிட்டார். அதோடு சேடியும் போனாள். பத்து நாள் எந்த அழைப்பும் இல்லை. வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை, அதுவே பெரிய விஷயம். நான் சமையலறையில் ராணி வசனம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் பஸ் ஏறுகிற கூட்டத்துக்கு நடுவில் நின்றிருந்தேன். மேடம் போன் செய்தார்.

"அக்கா" என்றார். யாரோ தவறாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். "அடுத்த எபிசோடு முழுக்க ராணி அழறா. எனக்கு வாய் திறக்கலைக்கா. எங்க வீட்ல பொம்பளைங்க அழற சத்தம் வாசலுக்கு வரக் கூடாதுன்னு வளர்த்தாங்க. நான் எங்க அப்பாவுக்கே அழலை. எப்படி அழறீங்க நீங்க?"

"அத சொல்லிக் குடுக்க முடியாது மேடம். ராணிய என்கிட்ட குடுத்துடச் சொல்லுங்க."

பஸ் ஹாரனுக்கு மேல் மேடத்தின் குரல் வந்தது. "குடுத்துட்டு நான் எதைப் பேச? எனக்கு ராணியை விட்டா கொடுமைக்கார மாமியார்தான். இருபது வருஷமா வேற எதுவும் தரலை. சிரிக்கிற மாதிரி ஒரு கேரக்டர் கூடத் தரலை."

மேடத்துக்கும் அப்படி ஒரு குறை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. "சேடி கீறா இல்ல, அவள நீங்க பேசுங்க" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன்.

அவர் நிஜமாகவே இயக்குநரிடம் போய்ச் சேடியைக் கேட்டுவிட்டார். இனி அழுதால் தொண்டை போய்விடும் என்று டாக்டர் சொன்னதாக ஒரு பொய் சொன்னார். நேரமில்லாத இயக்குநர் ஒத்துக்கொண்டார். தொடர் முடிகிறவரை ராணி என்னிடம்தான் இருந்தாள், பேச்சும் அழுகையும்.

முதல் நாள் இரண்டு பேரும் ஒரே மைக் முன்னால் நின்றோம். ராணி மகனின் வாளை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். சேடி பால் கொண்டு வருகிறாள். மேடம் பேசினார்: "தேவி, கொஞ்சமாவது பருகுங்கள்." மகாராணி ஒருத்தி இன்னொரு மகாராணிக்குப் பால் கொண்டு வந்தது போல இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர், "மேடம், கொஞ்சம் கீழ இறங்கி வாங்க" என்றார்.

மேடம் வசனத் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"எங்க சார் இறங்கணும்?"

தம்பி விளக்கை அணைத்துவிட்டு லூப்பை மறுபடி ஓட்டினான்.