சாவிக்கொத்து விட்டுவிட்ட ஐந்தாவது கட்டம்

டயர் கடைக்கு மேலே, ரப்பர் வாடை தவறாமல் படியேறி வரும் மாடியில், மூன்று மேசையும் இரண்டு மின்விசிறியும் கொண்ட ஓர் அலுவலகம். அங்கே நாற்பத்தாறு வயது மனிதர் ஒருவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்குகிறது.

இணையதளங்களுக்குள் நுழைவதுதான் அவர் தொழில். திருட்டுத்தனமாக அல்ல. வாடிக்கையாளரே தம் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, தினமும் உள்ளே போய் இன்னின்ன விவரங்களை எடுத்து அட்டவணையில் போடச் சொல்வார். சாவிக்கொத்து அதற்கொரு நிரல் எழுதுவார். அது பெயரை நிரப்பும், கடவுச்சொல்லை நிரப்பும், பொத்தானை அழுத்தும், வேண்டியதை அள்ளிக்கொண்டு நல்ல பிள்ளையாக வெளியேறும். எல்லாவற்றையும் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்தால் தளம் சந்தேகப்படும். ஆகவே நடுநடுவே மூச்சு வாங்கவும், ஒருநாள் சில நிமிடம் முன்னே, ஒருநாள் சில நிமிடம் பின்னே வரவும் அதைப் பழக்கியிருந்தார்.

"மெஷினுக்கே சோம்பல் கத்துக்குடுத்த ஆளு நம்மாளு" என்று பக்கத்து மேசைக்காரர் மெச்சுவார். சாவிக்கொத்து அடக்கமாகத் தலையசைப்பார். அடக்கம் அவருக்கு நன்றாகப் பொருந்தும்.

அவருக்கு ஓர் அக்கா. பதினோரு வயது மூத்தவர். தபால் பிரிக்கும் வேலையில் முப்பது வருடங்களை நின்றபடியே கழித்தவர். தனக்குக் கல்யாணம் கூடிவராத குறையைத் தம்பி கல்யாணத்தில் ஓடியாடித் தீர்த்துக்கொண்டவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், நடைப்பயிற்சிக்காக, பஸ்ஸில் நாலு மணி நேரம் தள்ளியிருந்த பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தார்.

அந்த இல்லத்துக்கும் ஓர் இணையதளம் உண்டு. குடும்பத்தார் உள்ளே நுழைந்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து கட்டங்கள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, தூக்கம், குறிப்பு. யார் எத்தனை மணிக்கு வந்து பார்த்தார்கள் என்பது நோயாளியின் கட்டிலருகே சின்னத் திரையில் தெரியும். முதல் வாரம் சாவிக்கொத்து தன் கையாலேயே நுழைந்து பார்த்தார். எட்டாம் நாள் அவருக்குள் இருந்த நிபுணருக்கு ரோஷம் வந்தது. ஊருக்கெல்லாம் நிரல் எழுதுகிறவர் சொந்த அக்காவுக்குக் கையால் தட்டிக்கொண்டிருப்பதாவது!

நிரல் தயாரானது. காலை ஆறு மணி வாக்கில் உள்ளே போகும். எண் ஏதாவது எல்லை மீறினால் மட்டும் அவர் போனில் மணியடிக்கும். குறிப்புக் கட்டத்தில் வாக்கியங்கள் வளவளவென்று நீண்டு அட்டவணையைக் கோணலாக்கின. அதை எடுக்கவேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தார். அட்டவணை கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி ஆயிற்று.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில் அக்கா நர்ஸிடம் சொல்லி அந்தக் கட்டத்தில்தான் எழுதவைத்தார்: "டேய், இந்த மாசக் கடைசியில பயிற்சி முடியுது. உன் வீட்டுலயே வந்து இருந்துக்கட்டுமா? போன்ல கேட்டா முகத்தாட்சண்யத்துக்குச் சரின்னுடுவ. அதான் இங்க கேக்குறேன். முடியலன்னா ஒண்ணும் சொல்ல வேணாம், நான் புரிஞ்சுக்குவேன்."

மறுநாள் திரை சொன்னது: தம்பி பார்த்தார், 6.07. அதற்கு மறுநாள் 6.14.

"ஏழு நிமிஷம் லேட்டு. யோசிச்சு யோசிச்சுத் தூங்கியிருக்க மாட்டான், பாவம்" என்றார் அக்கா நர்ஸிடம்.

ஞாயிறன்று போனில் கேட்டார்: "தினமும் பாக்குறியாடா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்ட? ஒருநாள் தவறினதில்ல."

"எல்லாத்தையும்?"

"எல்லாமே நார்மல்க்கா. நீ சூப்பரா இருக்க."

"சரி, சாப்பிட்டியா?" என்றார் அக்கா.

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். "ஏங்க, அண்ணிய இங்கயே கூட்டிட்டு வந்துடலாமே? ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"வேணும்னா அக்காவே கேக்குமே. அதுக்கென்ன வாயா இல்ல?" என்றார் சாவிக்கொத்து, மனித மனங்களை அலசி ஆராய்ந்தவரின் தோரணையில்.

மாதக் கடைசியில் இல்லத்திலிருந்து போன் வந்தது. அக்கா நிரந்தர அறைக்குப் பெயர் கொடுத்துவிட்டாராம். உறவினர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டுமாம். அக்காவுக்கு இடம் பிடித்துப்போய்விட்டது என்று மகிழ்ந்தபடியே சாவிக்கொத்து பஸ் ஏறினார்.

"நீங்க ஒரு வார்த்த பதில் போட்டிருக்கலாம் சார்" என்றாள் நர்ஸ்.

"எதுக்கு?"

"அவங்க கேட்டதுக்கு. தினமும் பாக்குறீங்கல்ல?"

வராந்தாவில் நின்று போனில் தளத்தைத் திறந்தார். கடவுச்சொல் நினைவில் இல்லை; நிரலிடமே போய்க் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. குறிப்புகள் வரிசையாக வந்தன. 'பக்கத்துக் கட்டில் அம்மா குறட்டையில லாரி ரிவர்ஸ் எடுக்குறாங்கடா.' 'இன்னிக்கு உன்ன மாதிரியே காதுள்ள ஒரு டாக்டர் வந்தார்.' பிறகு அந்தக் கேள்வி. பிறகு எட்டு நாள் வெற்றுக் கட்டம். பிறகு: 'இங்கயே பேர் குடுத்துட்டேன். உன்மேல வருத்தம் ஒண்ணுமில்ல.'

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"நான் படிக்கவே இல்லக்கா. ஒரு புரோகிராம் எழுதி வச்சேன். தினமும் உள்ள வந்தது அதுதான்."

அக்கா கட்டிலருகே இருந்த சின்னத் திரையைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ அந்த ஏழு நிமிஷ லேட்டு?"

"நான் சொல்லிக்குடுத்ததுதான். மனுஷன் மாதிரி தெரியட்டும்னு."

"நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்க. அதுக்குத் தூக்கம் கெட்டுப்போச்சேன்னு நான் கவலப்பட்டேன்."

"இப்பவே கிளம்புக்கா. வீட்டுக்குப் போயிடலாம்."

"மூணு வாரம் முன்னாடின்னா ஓடி வந்திருப்பேன்." அக்கா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "படிச்சிட்டு வேணாம்னுட்ட தம்பிய நெனச்சு அழுது, திட்டி, ஒருவழியா மன்னிச்சு முடிச்சேன். இப்போ படிக்கவே படிக்காத தம்பி புதுசா வந்து நிக்குறான். இவனுக்கு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமேடா. தெம்பு இல்ல. கையெழுத்தப் போடு."

அவர் மறுத்தார், கெஞ்சினார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாதாடினார். அக்கா பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டார்.

வெளிக் கதவுவரை அக்கா கூடவே வந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து, சுவரில் பதித்த கம்பியைப் பிடித்து, இரண்டு இடத்தில் நின்று. எந்த வேகத்தில் பக்கத்தில் நடப்பது என்று சாவிக்கொத்துக்குத் தெரியவில்லை. முந்தினார், நின்றார், மறுபடி முந்தினார்.

"பஸ் வந்துடுச்சு, போ. விட்டா அடுத்தது முக்கால் மணி நேரம்."

"அடுத்ததுலயே போறேன்க்கா."

"என்னால அவ்வளவு நேரம் நிக்க முடியாதுடா" என்றார் அக்கா.

அவர் போய் ஏறிக்கொண்டார்.