கறுத்த மூலை

இது நடந்தது. நம்பாதவர்கள் மாத்தளையில் என் ஸ்டூடியோவுக்கு வரலாம். அந்த ஃபைல் இன்னும் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. திறந்து காட்டு என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை. றத்தோட்டைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து கெத்தரின் அக்கா வந்தார். வயது நாற்பது. கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் அதன் நெகட்டிவும். அவருடைய ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலில் எடுத்தது. ஞானத்தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில், வலது மூலை முழுக்கக் கறுப்பு.

"எங்கப்பா ரபாயேல் எடுத்து, அவரே கழுவுன படம் தம்பி. டவுன்ல ஒரு ஸ்டூடியோவுல டார்க்ரூம் வேலை பார்த்தாரு. போன மாசம் தவறிட்டாரு. அம்மா நான் கைப்புள்ளையா இருக்கையிலேயே போயிட்டாங்க. மொகம் தெரியாது. வீட்டுல ஒரு படம் இல்ல. பெத்த புள்ளையோட ஞானஸ்நானத்துக்கு வராம இருப்பாங்களா? இந்த இருட்டுலதான் நிக்கணும்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஃபிலிம்ல வெளிச்சம் புகுந்து கெட்டுப்போச்சின்னு."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஃபிலிமில் வெளிச்சம் புகுந்தால் படம் வெளுக்கும், கறுக்காது. டார்க்ரூமிலேயே காலம் கழித்த ஆளுக்கு இது தெரியாதா? மனுஷன் பொய் சொல்லியிருக்கிறார். பிரிண்ட் போடும்போது இரண்டு கைகளையும் குவித்து, நடுவில் ஓட்டை விட்டு, அந்த மூலைக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் கொடுத்திருக்கிறார். ஃபிலிமுக்கு நேர்மாறாக, பிரிண்ட் பேப்பரில் வெளிச்சம் கூடினால் கறுக்கும். இதை பேர்ன் என்போம். கையால் மறைத்து வெளுக்க வைப்பது டொட்ஜ். விரலிடுக்கில் வெளிச்சம் கசிந்த மூன்று கோடுகள்கூட படத்தில் தெரிந்தன.

இப்போது அதையே கம்ப்யூட்டரில் செய்கிறோம். படத்தின் மேல் ஒரு சாம்பல் நிற லேயர் போடுவோம். அதில் வெள்ளை பூசினால் கீழே வெளுக்கும், கறுப்பு பூசினால் கறுக்கும்.

வெள்ளிக்கிழமை காலை 10.20க்கு நெகட்டிவை ஸ்கேன் பண்ணி உட்கார்ந்தேன். மூலையில் வெறும் மங்கல். கம்ப்யூட்டர் பேனாவால் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை பூசினேன். 11.50க்கு ஒரு சேலை முந்தானை வந்தது. பிறகு தோள். முகம் வரவில்லை. 12.05க்கு ஸேவ் பண்ணி, கடையைப் பூட்டி, கூட்டாளி பஸ்லியோடு ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். சாவி என் பையில்.

1.25க்குத் திரும்பினோம். மூலை கறுத்திருந்தது.

"பஸ்லி, நீ கைவெச்சியா?"

"வல்லாஹி இல்ல மச்சான். ஒன் பக்கத்துலதானே இருந்தேன்."

உண்மைதான். ஆனாலும் அவன் மேல் சந்தேகம் போகவில்லை. வேலைப் பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு பூச்சுக்கும் அதில் நேரம் விழும். 12.41. 12.44. 12.52. பள்ளியில் குத்பாப் பிரசங்கம் ஓதிக்கொண்டிருந்த நேரம். யாரோ இன்டர்நெட் வழியாகப் புகுந்து விளையாடுகிறார்கள் என்று கேபிளைப் பிடுங்கினேன். பஸ்லியையும் சாப்பிட அனுப்பிவிட்டேன்.

சாம்பல் லேயரை மட்டும் திறந்து பார்த்தேன். என் பூச்சுகள் மெல்லிய கோடுகள். மேலே விழுந்திருந்த கறுப்பில் கோடே இல்லை. வட்டமாக, ஒரே சீராக இருந்தது. ஓரத்தில் மட்டும் மூன்று கீற்றுகள்… பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே இடம். அதே மூன்று.

2.09. மறுபடி பூசத் தொடங்கினேன். நெற்றி வந்தது… மூக்கு…

2.14. வினாகிரி வாடை. டார்க்ரூம் மருந்து இப்படித்தான் நாறும். என் கடையில் டார்க்ரூம் இருந்ததே இல்லை.

2.17. டிக்… டிக்… யாரோ செக்கன் எண்ணுவது போல. கடையில் மணிக்கூடு கிடையாது.

பேனாவை மேசையில் வைத்தேன்.

மூலை தானாகக் கறுத்தது. ஓரத்திலிருந்து… மெதுவாக…

ஆயத்துல் குர்ஸி ஓதினேன். பேனாவை எடுத்தேன். நான் வெளுக்க… அது கறுக்க…

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"புள்ளைக்குத் தாய்ட மொகத்தக் காட்ட விடாத நீயெல்லாம் ஒரு வாப்பாவா!"

டிக் நின்றது. மூலை மறுபடி கறுக்கவில்லை.

2.26. பிரிண்ட் வெளியே வந்தது.

மூன்று மணிக்குக் கெத்தரின் அக்கா வந்தார். படத்தில் மெலிந்த ஒரு பெண். அக்காவின் அதே நெற்றி.

"அம்மா…" என்றார். பிறகு அழுதுகொண்டே சிரித்தார். "என்னையப் பாக்காம படம் எடுக்குற அப்பாவையே பாக்குறாங்க, பாருங்க தம்பி. இத்தனை வருசம் மறைச்சிட்டாரே, பாவி மனுசன்."

நானும் சேர்ந்து திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை 9.10க்கு போன் வந்தது. அம்மா இறந்த திகதியைக்கூட ரபாயேல் மகளுக்குச் சொன்னதில்லை. அதைச் சுவரில் மாட்டிய படத்துக்குக் கீழே எழுத வேண்டும் என்று அக்கா கோயிலுக்குப் போய், ஃபாதரிடம் பழைய பதிவேட்டைப் பார்த்திருக்கிறார்.

"தம்பி… எனக்கு ஞானஸ்நானம் எண்பத்தி நாலு மார்ச் பதினெட்டு. படத்துக்குப் பின்னாலயும் அப்பா அதே திகதிதான் எழுதியிருக்காரு."

"சரி அக்கா."

"அம்மாவ அடக்கம் பண்ணுனது அதே மார்ச்… ஆறாந்திகதி."

"அந்தப் படத்தைக் கழட்டிருங்க அக்கா" என்றேன்.

"மாட்டேன் தம்பி. எங்கிட்ட இருக்கிற ஒரே படம்."